பத்தாயிரத்து ஏழு பேரும் ஒரு காலி இடமும்

எண்களின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் மனிதர்கள் மேல்தான். எண் தன் பாட்டுக்கு இருக்கிறது. அது யாரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதும் இல்லை.

நான் ஒரு காலணித் தொழிற்சாலையில், வருகைப் பதிவுப் பிரிவில், பதினேழு வருடமாகக் குமாஸ்தா. என் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. "வாய்ப்பாடு" என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பெருக்கலையும் மனதிலேயே போட்டு, எதிரில் இருப்பவர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. அந்தக் கர்வம் செய்த வேலைதான் இந்தக் கதை.

தினமும் காலை எட்டரை மணிக்கு வாசல் கரும்பலகையில், பட்டியலில் மொத்தம் எத்தனை பேர் என்று நான் எழுத வேண்டும். யாராவது ஓய்வு பெற்றால் குறையும், சேர்ந்தால் கூடும். பழைய முதலாளி தொடங்கிவைத்த வழக்கம் இது. அவர் காலத்தில் பலகையில் நாற்பத்தொன்று என்று இருந்ததாம். இந்த வருடம் அது பத்தாயிரத்து ஏழு ஆனது. அந்த ஏழில் கடைசி ஒன்று என் தங்கை.

அவளை உள்ளே கொண்டுவர நான் பணியாளர் அதிகாரியின் அறைக்கு ஏழு மாதம் நடந்தேன். இரண்டு வருடமாக அவள் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தாள். அவள் புருஷன் வேறு ஊரில் வேலை தேடிவிட்டு வருகிறேன் என்று போனவன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. காலையில் படுக்கையைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைப்பாள். அதோடு தன்னையும் சுருட்டிக்கொள்வாள். மெதுவாகப் பேசுவாள், மெதுவாக நடப்பாள். சிரிப்பு வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அடுத்தவர் வீட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்பது மாதிரி. 

வேலை கிடைத்த முதல் வாரத்தில் அவள் வாங்கிய ஒரே பொருள் ஒரு பூட்டு. இரண்டு சாவியோடு, கனமான பூட்டு.

"ரூமே இல்ல, பூட்டு எதுக்குடி?"

"பின் தெருவுல ஒரு ரூம் சொல்லியிருக்காங்கக்கா. வேலை நிரந்தரம்னு ஆபீஸ்ல ஒரு கடிதம் மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அது கைக்கு வந்ததும் போயிடலாம்."

மூன்று மாதம் பட்டியலில் பெயர் நின்றால் அந்தக் கடிதம் வரும். அதுவரை பூட்டு எங்கள் ஜன்னல் மேடையில் காத்திருந்தது.

அவளுக்கு வேலை ஜோடி மேசையில். இடது கால் ஒரு பக்கமிருந்து வரும், வலது கால் இன்னொரு பக்கமிருந்து வரும். அளவும் நிறமும் ஒத்துப் பார்த்து, ஜோடி சேர்த்து, பெட்டியில் போட வேண்டும். வீட்டுக்கு வந்தால் அந்த மேசையைப் பற்றித்தான் பேச்சு. என் வீட்டுக்காரர்கூட, "உன் தங்கச்சி இப்பல்லாம் பேசுதே" என்று ஆச்சரியப்பட்டார். இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சின்ன முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது.

சின்ன முதலாளிக்கு வயது ஐம்பத்து நான்கு. பழைய முதலாளி இறந்து பத்து வருடம் ஆகியும் அவர் இன்னும் சின்ன முதலாளிதான். அவருக்கு யோசனைகள் பெரும்பாலும் விமானத்தில்தான் வரும். மேலிருந்து பார்த்தால் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடும், இறங்கியதும் எங்களுக்குத் தலைவலி ஆரம்பமாகும். தொழிற்சாலைக்கு ஐம்பது வருடம் நிறைகிறது. அதற்கு ஒரு புகைப்படம். எல்லாத் தொழிலாளர்களும் வெள்ளைத் தொப்பி போட்டு, பின்பக்கத்து மைதானத்தில், காலணிப் பெட்டி மாதிரி ஒரு செவ்வகமாக நிற்க வேண்டும். எல்லா வரிசையும் சமம். நடுவில் ஓட்டை கூடாது, ஓரத்தில் ஆள் மிஞ்சக் கூடாது. கிரேன் உச்சியிலிருந்து படம் எடுக்கப்படும். படத்துக்குக் கீழே, "எங்களில் ஒருவரும் மிச்சமில்லை" என்று வாசகம்.

பொறுப்பு விளம்பர அதிகாரியின் தலையில் விழுந்தது. நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். கட்டம் போட்ட தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நூறு வரிசை, வரிசைக்கு நூறு பேர்: ஏழு பேர் மிச்சம். அழித்துவிட்டு, தொண்ணூற்றொன்பது வரிசை, வரிசைக்கு நூற்றொன்று: எட்டுப் பேர் மிச்சம். தொண்ணூற்றெட்டு, நூற்றிரண்டு: பதினொரு பேர். தொண்ணூற்றேழு, நூற்று மூன்று: பதினாறு பேர். முயற்சி செய்யச் செய்ய மிச்சம் கூடிக்கொண்டே போனது. எங்கள் அலுவலகத்தில் நிறைய வேலைகளுக்கு இந்தக் குணம் உண்டு.

நேராக என் மேசைக்கு வந்தார்.

"மேடம், உங்க எண்ணிக்கையில ஏதோ தப்பு இருக்கு."

"எப்படி சார் சொல்றீங்க?"

"சரியா இருந்தா வகுபடுமே."

மூன்று முறை எண்ணினோம். வாசல் காவலர்கள், சமையலறை ஆட்கள், பிரசவ விடுப்பில் இருப்பவள் வரை எண்ணினோம். மூன்றாவது முறை அவரே எண்ணி, பத்தாயிரத்து ஆறு என்று கூவிக்கொண்டு வந்தார். பத்து நிமிடம் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம், அவர் தன்னை எண்ண மறந்துவிட்டதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தவர்களை எண்ணுகிற வேலையில் இருப்பவர்கள் தங்களை மறந்துவிடுவது சகஜம் என்று ஆறுதலும் சொன்னேன்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தாளை எடுத்து நானே வகுத்துப் பார்த்தேன். நூற்றுக்குள் இருபத்தைந்து பகா எண்கள் இருக்கின்றன. அந்த இருபத்தைந்தால் வகுத்துப் பார்த்தால் போதும். நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினால் நம் எண்ணையே தாண்டிவிடும், அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. மூன்றால் வகுத்தால் இரண்டு மிச்சம். ஏழால் நாலு. பதினொன்றால் எட்டு. பதின்மூன்றால் பத்து. இப்படியே போய், தொண்ணூற்றேழால் வகுத்தால் பதினாறு. எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடவில்லை. பத்தாயிரத்து ஏழு ஒரு பகா எண். பத்தாயிரத்திலிருந்து பத்தாயிரத்து ஆறு வரை உள்ள எல்லாமே எதனாலாவது வகுபட்டுவிடும். ஐந்து இலக்கத்தில் வருகிற முதல் பகா எண்ணே இதுதான். என் தங்கை உள்ளே வந்த அன்றைக்குத்தான் எங்கள் தொழிற்சாலை யாராலும் பங்கு போட முடியாத எண்ணாக ஆகியிருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். தாளை மடித்து விளம்பர அதிகாரியிடம் கொடுத்தேன். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

கூட்டம் போட்டார்கள். சின்ன முதலாளி தலைமையில், நீள மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். என் தாள் கைமாறிக் கைமாறிப் போனது. படித்தவர் ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார், புரிந்த மாதிரி.

"முடியாதுன்னு சொல்றது நம்ம கம்பெனிப் பழக்கம் இல்ல," என்றார் சின்ன முதலாளி. "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க."

"முயற்சிக்கு வேலையே இல்ல சார். அது பகா எண்."

"இன்னிக்குப் பகா எண். நாளைக்கு?"

"நாளைக்கும் அதேதான் சார்."

"இதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிக்காதது. எதையும் சாதகமாப் பார்க்கவே மாட்டேங்கறீங்க."

கணக்கு அதிகாரி கையைத் தூக்கினார். நூறு வரிசை போட்டு, வரிசைக்கு நூறு புள்ளி பூஜ்யம் ஏழு பேரை நிறுத்தினால் சரியாக வருகிறதே என்றார். புள்ளி பூஜ்யம் ஏழு ஆளுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. பணியாளர் அதிகாரி மட்டும் அதைக் குறித்துக்கொண்டார். அவருக்கு அப்படி ஆட்களைத் தெரிந்திருக்கலாம்.

வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். ஒன்பது நாள் தங்கினார். நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார். "பத்தாயிரத்து ஏழு என்ற எண், தற்போதைய சூழ்நிலையில் வகுபடுவதற்கு ஆர்வம் காட்டவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி அணுகலாம்" என்பது அதன் முடிவு. சின்ன முதலாளி அதை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்து, "பாருங்க, இவர் எவ்வளவு நம்பிக்கையா எழுதியிருக்கார்" என்றார்.

விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் பணியாளர் அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"ஏழு பேரை வேலையை விட்டு எடுத்துட்டா, பத்தாயிரம். நூத்துக்கு நூறு. பட்டியல்லயே இல்லாதவங்க எப்படி மிச்சம் ஆவாங்க?"

எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆனால் அவரே சுருங்கிப்போனார். ஒரே நாளில் ஐந்து பேருக்கு மேல் எடுத்தால் தொழிலாளர் துறைக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். "புகைப்படத்துக்காக" என்று எப்படி எழுதுவது? பெருமூச்சு விட்டுவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கூட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நாற்காலிகளைப் பின்னால் தள்ளி எழுந்தும்விட்டார்கள்.

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"ஏழு எதுக்கு சார்? ரெண்டே போதுமே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் போதை ஏற்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆலோசகர் ஒன்பது நாளில் சொல்லாததை நான் ஒன்பது நொடியில் சொல்கிறேன் என்ற எண்ணம்.

"ஒருத்தரைக் குறைச்சா பத்தாயிரத்து ஆறு. அது ரெண்டு வரிசையாத்தான் நிக்கும், வரிசைக்கு ஐயாயிரத்து மூணு பேர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடும். ரெண்டு பேரைக் குறைச்சா பத்தாயிரத்து அஞ்சு. எண்பத்தேழு வரிசை, வரிசைக்கு நூத்துப் பதினைஞ்சு. அழகா உட்காரும்."

"பிரமாதம்!" என்றார் சின்ன முதலாளி. பதினேழு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. விளம்பர அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணக்கு அதிகாரிகூடக் கைதட்டினார். நான் காற்றில் மிதந்துகொண்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பணியாளர் அதிகாரியின் குறிப்பு வந்தது, பட்டியலைத் திருத்தச் சொல்லி. கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேர் நீக்கம். ஒருவர், அடிப்பாகத்துக்குப் பசை பூசுகிற ஆள். இன்னொருத்தி ஜோடி மேசையில் இருப்பவள்.

இரண்டு என்று சொன்னபோது எனக்கு இரண்டு என்கிற எண் மட்டும்தான் தெரிந்தது. அது யார் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. என் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன். இல்லை, அவள் தலையில் போட்டேன்.

பணியாளர் அதிகாரியின் அறைக்கு ஓடினேன். "சார், அது என் தங்கச்சி."

"எல்லாருமே யாருக்காவது தங்கச்சிதானே மேடம். கணக்கு உங்களுது. நான் வேற ஆளைப் போட முடியுமா? கடைசியா வந்தவங்கதான் முதல்ல போகணும், அதுதான் முறை. விழாவுக்கு முந்தின நாள்தான் அமல்படுத்துவோம், அதுவரைக்கும் வேலை பார்க்கட்டும்." பெரிய மனசு பண்ணின மாதிரி சிரித்தார்.

சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"யாருக்கா ரெண்டு பேருன்னு சொன்னது?"

"நான்தாண்டி."

திட்டியிருந்தால் தேவலை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பூட்டை ஜன்னல் மேடையிலிருந்து எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்தாள். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கூட்டத்துல கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலக்கா. எங்க மேசையில தினமும் ஒத்தை வரும். இடது இருக்கும், வலது இருக்காது. நாங்க அதைத் தூக்கிப் போட மாட்டோம். பின்னாடி ஒரு அலமாரி இருக்கு, அதுல வச்சு, அளவை எழுதி, இன்னொண்ணு தைச்சு அனுப்புங்கன்னு சீட்டு அனுப்புவோம். செஞ்ச செருப்பை எறியக் கூடாதுன்னு பழைய முதலாளியே சொல்லிட்டுப் போயிருக்காராம். செருப்புக்கே அப்படின்னா, ஆளை மட்டும் ஏன் எடுக்கறாங்க? ஒண்ணு சேர்க்கலாம்ல?"

நான் அவளையே பார்த்தேன். பதினேழு வருடம் கூட்டலும் கழித்தலும்தான் என் பிழைப்பு. அறையில் இருந்த பதினொரு பேரும், என்னையும் சேர்த்து, கழிக்க மட்டும்தான் நினைத்தோம்.

பத்தாயிரத்து எட்டு. எழுபத்திரண்டு வரிசை, வரிசைக்கு நூற்று முப்பத்தொன்பது. மிச்சமில்லை. நீளம் அகலத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அசல் காலணிப் பெட்டி.

மறுநாள் காலை முதல் ஆளாகப் பணியாளர் அதிகாரியிடம் போனேன். ஒருவரைச் சேர்த்தால் போதும் என்றேன்.

"ஆளைச் சேர்க்கணும்னா பதினொரு கையெழுத்து வேணும் மேடம். அதுவும் இப்பப் புது ஆள் சேர்க்கத் தடை இருக்கு."

"வேலையை விட்டு எடுக்கறதுக்கு எத்தனை கையெழுத்து சார்?"

"அதுக்கு என் கையெழுத்தே போதும்," என்றார் பெருமையாக.

வெளியே வந்து நின்றேன். பத்தாயிரத்து எட்டாவது ஆள் ஏற்கெனவே உள்ளேயே இருக்க வேண்டும், ஆனால் பட்டியலில் இருக்கக் கூடாது. அப்படி யார் இருக்கிறார்கள்? அந்த நேரம் பார்த்துச் சின்ன முதலாளியின் கார் வாசலில் நுழைந்தது. காவலர்கள் எழுந்து நின்றார்கள். தினமும் வருகிறார், ஒரு நாளும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதில்லை.

அவர் அறைக்குள் என்னோடு வர விளம்பர அதிகாரி பயந்தார். நான் பயப்படவில்லை. இழக்க வேண்டியதை ஏற்கெனவே என் வாயாலேயே இழந்திருந்தேன்.

"சார், அந்த எண் ஏன் வகுபடலன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"ஏன்?"

"உங்களை விட்டுட்டு எண்ணியிருக்கோம். நீங்க வந்து நின்னா எல்லாம் சரியா உட்காருது சார். நீங்க இல்லாம நாங்க செவ்வகமாகவே ஆக முடியல."

அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். முகத்தில் ஒரு கனிவு பரவியது. "எனக்கு முதல்லயே தோணிச்சு," என்றார். உடனே அவரைப் பட்டியலில் ஏற்றினேன். எண் பத்தாயிரத்து எட்டு. சேர்ந்த வரிசைப்படி அவருக்குக் கடைசி இடம்: எழுபத்திரண்டாவது வரிசையில் நூற்று முப்பத்தொன்பதாவது ஆள். அவருக்கு முந்தின இடம் என் தங்கைக்கு, அவளுக்கு முந்தினது பசை பூசுகிறவருக்கு. சின்ன முதலாளி வெள்ளைத் தொப்பியைப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டார்.

பணியாளர் அதிகாரி மட்டும் குறிப்பைக் கிழிக்க மறுத்துவிட்டார். "படம் சரியா வரட்டும். ஏதாவது ஓட்டை விழுந்துச்சுன்னா, பழைய கணக்குதான். அந்த ரெண்டு பேரை எடுத்துட்டு, முதலாளியும் நிக்காம, மறுநாளே எண்பத்தேழு வரிசையில படம் எடுப்போம்." குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விழா நாளில் யாருக்கும் விடுப்பு கிடையாது. காய்ச்சல்காரர்கள் காய்ச்சலோடு வந்தார்கள். பிரசவ விடுப்பில் இருந்தவள் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையையும் எண்ணினால் பத்தாயிரத்து ஒன்பது ஆகிவிடுமே என்று விளம்பர அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. ஒரே தொப்பி, அதனால் ஒரே ஆள் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். காவலர்கள் வாசலைத் திறந்துபோட்டுவிட்டு வந்து நின்றார்கள். சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. நான் முப்பத்திரண்டாவது வரிசையில் மூன்றாவது ஆள். பட்டியல் என் கையில், விளம்பர அதிகாரி கொடுத்த மைக் இன்னொரு கையில். பின் வரிசைகள் எனக்குத் தெரியவில்லை. வாடகைக் கிரேன் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போவது மட்டும் தெரிந்தது.

திடீரென்று மைதானத்து ஒலிபெருக்கிகள் எல்லாம் கத்தின. சின்ன முதலாளியின் குரல்.

"கடைசி வரிசை! கடைசி இடம்! ஓட்டை தெரியுது! அத்தனை பேரும் வெயில்ல நிக்கிறாங்க, ஒருத்தனுக்கு மட்டும் வர முடியலையா? யாரு அது? பட்டியல் யார்கிட்ட இருக்கு? பேரைப் படிங்க! இந்த நிமிஷமே வேலையை விட்டுத் தூக்குங்க!"

குரல் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். கூடையில் புகைப்படக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு தலை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மேலிருந்து பார்க்க அவரே ஏறிப்போயிருக்கிறார். மேலே போனதும் வழக்கம்போல அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. முன் வரிசையில் பணியாளர் அதிகாரி சட்டைப் பையிலிருந்து அந்தக் குறிப்பை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தேன். பெயரைப் படிக்கச் சொல்லி உத்தரவு, படித்தாக வேண்டும்.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "வரிசை எழுபத்திரண்டு. இடம் நூத்து முப்பத்தொன்பது. எண் பத்தாயிரத்து எட்டு. சேர்ந்து ஒன்பது நாள் ஆச்சு. பதவி, முதலாளி."

 கைக்குழந்தை ஒருமுறை முனகியது.

அப்புறம் எங்கோ கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வாயைப் பொத்தாத சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அது யாருடையது என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. சின்ன வயதில் நாங்கள் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அது. இத்தனை வருடமாக அது எங்கே போனது என்றுதான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அதைத் தொட்டுக்கொண்டு பசை பூசுகிறவர் சிரித்தார், அந்த வரிசை சிரித்தது, எழுபத்திரண்டு வரிசையும் சிரித்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கூடை கீழே இறங்க ஆறு நிமிடம் ஆனது. அவர் நடந்துபோய்த் தன் இடத்தில் நின்றதையும், அங்கே நடந்த பேச்சையும் தங்கை அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என்னம்மா, பயமே இல்லாம சிரிக்கற?"

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன் சார். இன்னும் எதுக்குப் பயம்?"

"ஏன் இருக்க மாட்டே?"

"உங்க படத்துல ஓட்டை விழுந்தா நானும் இவரும் வெளிய போகணுமாம். பணியாளர் அதிகாரி பையில சீட்டு இருக்கு. தொப்பியைப் போடுங்க சார், வெயில்."

கீழே நின்றுகொண்டு அவர் கேட்ட முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். பத்தாயிரம் பேர் முன்னால் மானம் போனவருக்கு, உடனே யார் மேலாவது பாய வேண்டும். "அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுய்யா!" என்று அவர் போட்ட சத்தம் முன் வரிசை வரை மைக் இல்லாமலே கேட்டது. பணியாளர் அதிகாரி கிழித்தார். அதற்கு ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை.

படம் இப்போது வாசலில், கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. எழுபத்திரண்டு, நூற்று முப்பத்தொன்பது, ஓட்டையில்லை, மிச்சமில்லை. எல்லா முகமும் மேலே பார்க்கின்றன. கடைசித் தொப்பிக்காரர் மட்டும் தரையைப் பார்க்கிறார். அவர் பக்கத்தில் ஒருத்தி வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆலோசகர் அந்தப் படத்தைத் தன் அறிக்கையின் அட்டையில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

கடிதம் கிடைத்ததும் தங்கை பின் தெரு அறைக்குப் போய்விட்டாள். பூட்டு அந்தக் கதவுக்குப் பெரிதாகிவிட்டது. என் வீட்டுக்காரர் போய்க் கொண்டியை மாற்றிக் கொடுத்தார். முன்னறை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. முதல் நாள் அங்கே தனியாகப் போய் உட்கார்ந்தேன், சகிக்கவில்லை. எழுந்து அவள் அறைக்கே போய்விட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. சின்ன முதலாளி பட்டியலில் ஏறினாரே தவிர, விழாவுக்கு அப்புறம் ஒரு நாளும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடவில்லை. தினமும் அவர் பெயருக்கு நேரே, விதிப்படி, வரவில்லை என்று எழுதிக்கொண்டு வருகிறேன். தொடர்ந்து தொண்ணூறு நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும், அதற்கும் பணியாளர் அதிகாரியின் ஒரு கையெழுத்தே போதும். இன்றோடு தொண்ணூறு நாள் ஆகிவிட்டது. நாற்பது சீட்டுகளோடு சேர்த்து அந்தச் சீட்டையும் இன்று நீட்டினேன், அவர் வழக்கம்போலப் படிக்காமலே எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்தார்.

நாளை காலை எட்டரைக்குப் பலகையில் எட்டை அழித்துவிட்டு ஏழு என்று எழுதுவேன். அந்த எண்ணை வகுக்க இனி யார் வந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.